பாடியவர் பெயர் என்ன? – ஆனைகட்டிப் பாட்டும் இணையமும்

கோவையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஆனைகட்டி. சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. 1956 வரை இரண்டு பக்கமும் ஒரே சென்னை மாநிலம்தான். மாநிலம் பிரிந்தாலும் இருளர் பாட்டு பிரியவில்லை; கொகலும் தவிலும் சேர்ந்தால் எல்லைக்கோடு யாருக்குங்க ஞாபகம் வரும்?

அயல்நாட்டுக்குப் புறப்படும் முன், 1998இல், அங்கே ஓர் ஊர்த் திருவிழாவில் வயதான அம்மா ஒருவர் பாடியதைக் கேசட்டில் பதிவு செய்தேன். உறைமேல் 'ஆனைகட்டி – இருளர் பாட்டு' என்று மட்டும் எழுதினேன். பாடியவர் பெயரைக் கேட்கவே தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால்தான் விளங்கிற்று.

அதே 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முயற்சியில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அதன் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவருக்கும் பிழை திருத்தியவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறியிருப்பதைக் காணலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த வடு ஆறாத ஈழத்தமிழரிடையே, 2005இல் 'நூலகம்' திட்டம் பிறந்தது. எழுத்தில் இருந்தவை இப்படிக் கரை சேர்ந்தன.

எழுத்தில் இல்லாதவை? செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973இல் இருளர் மொழி பற்றிய தம் நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். ஆய்வாளர் படித்தார்கள், பாடியவர்களின் வீட்டுக்கு அது எங்கே போயிருக்கப் போகிறது!

2020இல் நிலைமை மாறியது. அட்டப்பாடிக் கலைஞர் பழனிசாமி நடத்தும் ஆசாத் கலா சமிதியில் பாடிவந்தவர் நஞ்சியம்மா. 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்துக்காக அவர் எழுதிப் பாடிய 'கலக்காத்த' பாட்டு, படம் வருமுன்பே யூடியூபில் பரவியது. நாலு திக்கிலும் பூத்த மரங்களைச் சொல்லி, பூப்பறிக்கவும் விமானம் பார்க்கவும் அழைக்கிற பாட்டு அது. கதாநாயகர்களைத் தெரியுமா என்று இயக்குநர் சச்சி கேட்க, 'தெரியாது' என்று அவர் சிரித்த காணொளியும் கூடவே பரவியது. 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவருக்கு இந்த விருது தகுமா என்று இசைக்கலைஞர் ஒருவர் முகநூலில் கேட்டதும், அதே முகநூலில் பலர் அவருக்காகப் பேசியதும் நடந்தன. அவர்கள் பேச முடிந்ததற்குக் காரணம் எளிது: அந்தப் பாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. எழுதியவரும் பாடியவரும் இன்னார் என்று படமே சொல்லியிருந்தது.

என் கேசட்டுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அதை மின்வடிவாக்கி எங்கள் சங்கப் பக்கத்தில் ஏற்றினோம். 'அருமை' என்று ஏகப்பட்ட பேர் எழுதினார்கள். ஆனைகட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் மட்டும் தொலைபேசியில் கேட்டார்: "எங்க சனத்துக் குரலுதானுங்க, பேரு போடலீங்களா? போட்டிருந்தா அவங்க பேரப்பிள்ளைக கேட்டுச் சந்தோசப்படுவாங்கல்ல?" என்னிடம் பதில் இல்லை.

கலை அமைப்புகளுக்கும் நம் சங்கங்களுக்கும் இணையம் இன்று செலவில்லாத மேடை. ஏற்றுவது ஒரு நொடி வேலை. ஆனால் பாடியவர், ஊர், நாள், பாட்டின் பொருள், அவருடைய சம்மதம் – இந்த ஐந்தையும் எழுதாமல் ஏற்றினால், குரலைக் காப்பாற்றி ஆளைத் தொலைத்தவர்கள் ஆவோம். இப்போது எங்கள் பக்கத்தில் இந்த ஐந்துக்கும் கட்டம் போட்டிருக்கிறோம். என் கேசட்டுக்கு நேரே 'பாடியவர்' என்ற கட்டம் மட்டும் இன்றும் காலி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.