குழந்தையோடு கதிர்காம நடை

மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பங்கள் கதிர்காம யாத்திரைக்கு நாள் குறித்தபோது, ஆடி விழாக் கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ணினர். குழந்தை உடன் வருமாயின் கணக்கு நீண்டது. 1924ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் அமையுமுன், புளியந்தீவார் முதலில் வாவியைத் தோணியிற் கடக்க வேண்டியிருந்தது. பின்னர்க் கடலோரமாகத் திருக்கோவில், பொத்துவில், பாணமை; அதுவரை ஊருண்டு, கிணறுண்டு. உகந்தைக்கு அப்பாலோ கூமுனைக் காடும் யாலக் காடுமே.

கிழக்கிலே மழை கார்த்திகை, மார்கழிக்குரியது; ஆடியில் ஓடைகள் வற்றிக் கிடக்கும். ஆகவே நேயர்களே, பயணத் திட்டமென்பது தண்ணீர்த் திட்டமே. கும்புக்கன் ஆற்றை எப்பொழுது அடைவது? சின்னக் கால்கள் ஒரு பொழுதில் எவ்வளவு நடக்கும்? யானையும் கரடியும் உலவும் வழி. கூட்டத்தைப் பிரிந்து பின்தங்கவும் இயலாது. களைத்த பிள்ளை தந்தையின் தோளேறும். அவர் சுமந்த அரிசி மூட்டை தாயின் தலைக்கு மாறும்.