பன்முன்ஜோம் போகும் வண்டி

சியோல் நகரத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பஸ் ஏறும் பிரயாணி ஒருவர், சுமார் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே சென்று, எழுபது ஆண்டுகளாகியும் சட்டப்படி முடிவுபெறாத ஒரு யுத்தத்தின் போர்முனையைப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அதே நகரத்தின் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடலாம். அப்படிப் போகிறவர் முதலில் ஒரு காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். பகைப் பிரதேசத்துக்குள் பிரவேசிக்கிறேன், எதிரியின் செய்கையால் காயமோ மரணமோ நேரக்கூடும், என் உயிருக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை என்பதை அறிவேன் என்று அதில் எழுதியிருக்கும். கிழிந்த காற்சட்டை கூடாது. ரப்பர் செருப்பு கூடாது. எதிர்ப்பக்கத்துச் சிப்பாயை நோக்கிக் கை காட்டவோ, சிரிக்கவோ, விரலை நீட்டவோ கூடாது. கோயிலுக்குள் நுழைவதற்கு நம்மவர் வகுத்த ஆசாரங்களைக் காட்டிலும் இவை அதிகம். ஆனால் இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டு வரிசையில் நிற்கும் ஜனங்களுக்கு மட்டும் என்றும் குறைவில்லை.

இந்த எல்லை பிறந்த விதம் பெருமைக்குரியதன்று. 1945 ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள், டீன் ரஸ்க் என்பவரும் சார்லஸ் போன்ஸ்டீல் என்பவரும், நள்ளிரவில் ஒரு பூகோளப் பத்திரிகையின் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ருஷ்யச் சைன்யத்தை எங்கே நிறுத்துவது என்று யோசித்து, முப்பத்தெட்டாவது அட்சரேகையைத் தேர்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ராஜ்யமாக இருந்த தேசத்தை இரண்டாக்குவதற்கு முன் கொரியர் ஒருவரையும் அவர்கள் கலந்தாலோசிக்கவில்லை. 1950 ஜூன் 25-ஆம் தேதி வடக்கிலிருந்து படை கிளம்பியது. மூன்று ஆண்டுக் காலம் தீபகற்பம் முழுவதும் மேலும் கீழுமாக உழப்பட்டது. முடிவில் சேனைகள் நின்ற இடம் ஏறக்குறையத் தொடங்கிய இடமேதான்.

யுத்தத்தைக் காட்டிலும் அதை நிறுத்துவதற்கு நடந்த பேச்சே இந்த இடத்தின் குணத்தை நன்றாகக் காட்டுகிறது. 1951 ஜூலை 10-ஆம் தேதி பழைய தலைநகரமாகிய கேசாங்கில் தொடங்கிய சமாதானப் பேச்சில், ஐக்கிய நாடுகள் தரப்பின் பிரதிநிதியான அட்மிரல் ஜாய்க்குத் தாழ்ந்த நாற்காலியைப் போட்டு, எதிரே வடகொரியத் தளபதி உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருந்தார் என்று பிற்பாடு ஜாயே எழுதியிருக்கிறார். மேஜையின்மேல் ஒரு தரப்பார் சிறு கொடியை வைத்தால், மறு தரப்பார் அதைவிட உயரமான கொடியை மறுநாள் கொண்டுவந்தார்கள். பேச்சு பன்முன்ஜோம் என்ற சிற்றூருக்கு மாறிய பின்னும் இந்தப் போட்டி ஓயவில்லை. கையெழுத்திடுவதற்கென்று வடகொரியர் கட்டிய மண்டபத்தில் பிக்காஸோவின் சமாதானப் புறாவைத் தீட்டி வைத்திருந்தபோது, அது கம்யூனிஸ்டுகளின் சின்னம், அதை அகற்றினாலொழிய உள்ளே வர மாட்டோம் என்று அமெரிக்கர் பிடிவாதம் பிடித்தார்கள்; புறா அகற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகளும் பதினேழு நாட்களும் நீண்ட பேச்சுக்குப் பின், 1953 ஜூலை 27-ஆம் தேதி காலை பத்து மணிக்கு, ஐக்கிய நாடுகள் தரப்பின் ஜெனரல் ஹாரிஸனும் வடகொரியத் தரப்பின் ஜெனரல் நாம் இல்லும் எதிரெதிர் மேஜைகளில் அமர்ந்து, மூன்று மொழிகளில் எழுதப்பட்ட பதினெட்டுப் பிரதிகளில் கையொப்பமிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கை குலுக்காமல், தத்தம் வாசல் வழியே வெளியேறினார்கள். தென்கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ அந்தச் சடங்குக்கே சம்மதிக்கவில்லை. இன்றுவரை அந்த உடன்படிக்கையில் தென்கொரியாவின் கையொப்பம் இல்லை.

அந்தப் பத்திரத்தின்படி தேசத்தின் குறுக்கே ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடும், அதன் இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஆயுதமற்ற மண்டலமும் ஏற்பட்டன. ராணுவத்தானாயினும் குடிமகனாயினும் ஒருவரும் அந்த மண்டலத்துக்குள் புகலாகாது என்று விதித்தவர்கள், நிர்வாகத்துக்கும் நிவாரணத்துக்கும் உரியவர்களோடு, விசேஷ அநுமதி பெற்றவர்களுக்கும் விலக்கு அளித்தார்கள். இன்றைய சுற்றுலாப் பிரயாணி பிறந்தது அந்த விலக்கில்தான் என்பது என் எண்ணம். பார்க்க வருகிறவன் இந்த எல்லைக்கு அந்நியன் அல்லன். அவன் இல்லாவிட்டால் எல்லையின் பாதி வேலை நடவாது. ஒரு வரப்புக்காக வழக்காடும் பங்காளிகள், ஊரார் பார்த்துக்கொண்டிருந்தாலொழிய நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்களோ என்னவோ!

சாட்சி வேண்டும் என்ற இந்த ஆசையை பன்முன்ஜோமின் நீலக் கொட்டகைகளுக்குள் நின்றால் கண்ணாலேயே காணலாம். கூட்டுப் பாதுகாப்புப் பகுதி என்று பெயர் பெற்ற, எண்ணூறு மீட்டர் குறுக்களவுள்ள அந்த இடத்தில், கோட்டின் நேர்மேலே, தகரக் கூரையிட்ட சில சிறு கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் பெயரில் வரும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து ‘தற்காலிகம்’ என்பதைக் குறிக்கிறது. நடுக்கட்டடத்தின் உள்ளே ஒரு நீண்ட மேஜை. அதன் நடுவே ஓடும் ஒலிவாங்கிக் கம்பிதான் எல்லை. பிரயாணி அந்த மேஜையின் கோடியைச் சுற்றிக்கொண்டு அப்பால் நடந்தால், பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமலே வடகொரியாவில் நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி அணிந்த தென்கொரியச் சிப்பாய் ஒருவன், முஷ்டிகளை இறுக்கி, கால்களை அகட்டி, வடக்கு நோக்கிய கதவை மறைத்தவாறு சிலைபோல் நிற்கிறான். அவனோடு ஒருவர் பின் ஒருவராக நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே நிற்கும் காவலர்களோ கட்டடத்தின் மூலையில் பாதி உடலை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். சுடப்பட்டால் பாதிதான் காயப்படும் என்று வழிகாட்டி விளக்கம் சொல்வதுண்டு.

வடக்கிலிருந்தும் இதே அறைக்குப் பிரயாணிகள் வந்ததுண்டு என்பதைத் தெற்கே வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பியாங்யாங்கிலிருந்து கேசாங் வழியாக வந்த அவர்களுக்கு வழிகாட்டி ஒரு ராணுவ அதிகாரி. கையெழுத்து நடந்த மண்டபத்தை அவர் பெருமிதத்தோடு காட்டுவார். ஏனெனில் அவர் சொல்லும் சரித்திரத்தில் தோற்றுக் கையெழுத்திட்டவர்கள் அமெரிக்கர்கள். இரு தரப்பாரும் ஒரே சமயத்தில் அறைக்குள் இருக்கலாகாது. ஒரு தரப்பார் உள்ளே வரும்போது மறுதரப்பின் கதவு அடைபடும். ஒரே மேஜையைக் காட்டி இரண்டு கதைகள் சொல்லப்பட்டன. 1984 நவம்பரில் வடக்கிலிருந்து வந்த சோவியத் பிரயாணி ஒருவர் திடீரென்று கோட்டைத் தாண்டித் தெற்கே ஓடிவிட்டார். துரத்தி வந்தவர்களுக்கும் தடுத்தவர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் வடகொரியர் மூவரும் தென்கொரியர் ஒருவரும் மாண்டார்கள்.

கூட்டுப் பாதுகாப்புப் பகுதிக்குள் ஒரு காலத்தில் கோடு யாரையும் தடுத்ததில்லை; இரு தரப்புச் சிப்பாய்களும் தாராளமாக நடமாடினார்கள். அந்தத் தாராளத்தை முடித்துவைத்தது ஒரு பாப்ளர் மரம். இரண்டு காவற்சாவடிகளுக்கு இடையே பார்வையை மறைத்து நின்ற அதன் கிளைகளை வெட்டுவதற்காக 1976 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்ற கூட்டத்தை வடகொரியர் தாக்கினார்கள். வெட்டுவதற்குக் கொண்டுவந்த கோடரிகளாலேயே அமெரிக்க அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். மூன்று நாட்கள் கழித்து அதே மரத்தை வெட்டுவதற்கு, ஆகாயத்தில் குண்டுவீச்சு விமானங்களும் தரையில் சைன்யமும் துணைவர, ஒரு படையெடுப்பே நடந்தது. மரம் விழுந்தது, அதன் பிறகுதான் கட்டடங்களுக்கு இடையே, கணுக்காலளவுகூட உயரமில்லாத சிமெண்டுக் கரை போடப்பட்டது. அந்தக் கோடரி வடக்கே பொருட்காட்சியில் இருக்கிறது. தெற்கே, மாண்ட அதிகாரி ஒருவர் பெயரால் பாசறை இருக்கிறது.

பன்முன்ஜோமுக்கு அநுமதி கிட்டாத பெரும்பாலோர் சுரங்கத்தையும் கோபுரத்தையும் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். தெற்கைத் தாக்குவதற்காக வடகொரியர் எல்லைக்கு அடியில் தோண்டிய சுரங்கங்களில் 1978-இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாவது, பூமிக்கு எழுபத்து மூன்று மீட்டர் ஆழத்தில், கருங்கல்லைக் குடைந்து, ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் நீளமாகச் செல்கிறது. இது நிலக்கரிச் சுரங்கம் என்று வடகொரியர் சாதித்தார்களாம். நிலக்கரியே இல்லாத பாறையில் கரிப்பொடியைப் பூசி வைத்திருந்ததையும் வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். தலையில் ஹெல்மெட் அணிந்து, சரிவான பாதையில் இறங்கி, குனிந்து குனிந்து நடந்து, ஒரு சிமெண்டுத் தடுப்புவரை போய், அதிலுள்ள துவாரத்தின் வழியே இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். படையெடுப்புக்காகத் தோண்டியவர்கள் டிக்கெட்டு விற்பதற்குத் தோண்டிக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

டோரா மலைமேல் தூரதர்சினிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வழியே இரண்டு கொடிமரங்கள் தெரியும்: தெற்கே டேசாங்டாங் கிராமத்தில் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் ஒன்று; அதைப் பார்த்து வடக்கே கிஜாங்டாங்கில் நூற்றறுபது மீட்டர் உயரத்தில் மற்றொன்று. மேஜைமேல் தொடங்கிய கொடிச் சண்டை மலைகளுக்கிடையே வளர்ந்துவிட்டது. டேசாங்டாங்கின் குடியானவர்களுக்கு வரி இல்லை, கட்டாய ராணுவ சேவை இல்லை; அதற்கு ஈடாக இரவில் அவர்கள் வீட்டிலிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

எனக்கு இவையெல்லாவற்றைக் காட்டிலும் இம்ஜின் ஆற்றங்கரையிலுள்ள பழைய ரயில் என்ஜினே மனத்தைக் கவர்வது. 1950 டிசம்பர் கடைசியில் ஜாங்டான் ஸ்டேஷனில், எதிரியின் கையில் சிக்கக்கூடாதென்று அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டு முடமாக்கிவிட்டுப் போன அந்த என்ஜின், அரை நூற்றாண்டு ஆயுதமற்ற மண்டலத்துக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுத் துளைகள் உள்ளன. அதன் உடலில் ஒரு முசுக்கட்டைச் செடி முளைத்திருந்தது. என்ஜினைப் பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள் அந்தச் செடியையும் கொண்டுவந்து அருகில் நட்டார்கள். அதைப் பார்க்கும்போது இன்னொரு என்ஜினின் கதை நினைவுக்கு வருகிறது. அந்த டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது, லெப்டினண்டு கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையிலிருந்த, இந்திய ராணுவத்தின் அறுபதாவது பாரசூட் மருத்துவப் படையினர், தங்கள் சிகிச்சைச் சாமான்களைக் கைவிட மனமில்லாமல், கிடந்த என்ஜின் ஒன்றுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தங்களுக்குள்ளேயே ஓட்டத் தெரிந்தவர்களைக் கொண்டு அதை ஓட்டி, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் வழியிலிருந்த ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாரசூட் படையோடு குதித்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். முன்சான் வழியேதான் இன்று இந்தச் சுற்றுலா பஸ்கள் போகின்றன.

பஸ் கடக்கும் ஒற்றுமைப் பாலத்தில் சிப்பாய் ஏறிப் பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்க்கிறான். ஹுண்டாய் கம்பெனியை நிறுவிய சுங் ஜூ-யுங், பிள்ளைப் பிராயத்தில் தகப்பனார் மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு வடக்கேயிருந்த தம் ஊரைவிட்டு ஓடிவந்தவர். 1998-இல் அந்தப் பாலத்தின் வழியே இரண்டு தடவையாக ஆயிரத்தோரு மாடுகளை வடகொரியாவுக்குக் கொண்டுசென்றார். ஒரு மாட்டுக்கு அசலும் ஆயிரம் மாட்டு வட்டியும் என்று ஜனங்கள் கணக்குச் சொன்னார்கள். டோராசான் ரயில் நிலையத்தில் பியாங்யாங் 205 கிலோமீட்டர் என்று பலகை எழுதியிருக்கிறது, 2007 டிசம்பரிலிருந்து ஓராண்டுக் காலம் சரக்கு வண்டிகள் எல்லை தாண்டிப் போய்வந்தன, பிறகு நின்றன. 2024 அக்டோபரில் வடகொரியர் தங்கள் பக்கத்துச் சாலையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். பன்முன்ஜோமிலோ, 2023 ஜூலையில் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் சிமெண்டுக் கரையைத் தாண்டி வடக்கே ஓடியது முதல், அந்த வாசல் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது.

வழக்கமான பார்வை வரிசையில் சேராத ஓரிடம் இங்கே உண்டு. ஆயுதமற்ற மண்டலத்தின் தென்பாதியில் 1953-இல் எழுந்த கூடாரப் பாசறைக்கு ஹிந்த் நகர் என்று பெயர். ஊர் திரும்ப மறுத்த இருபத்தீராயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளைக் காவல் செய்யவேண்டிய பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. அதற்கென அமைந்த நடுநிலைக் கமிஷனுக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா தலைவர். இந்தியச் சிப்பாய் தம் மண்ணில் கால் வைக்கலாகாது என்று சிங்மன் ரீ முழங்கியதால், 5,000-க்கு மேற்பட்ட ஜவான்களைத் துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டர்களிலேயே தூக்கிச் சென்று மண்டலத்துக்குள் இறக்கினார்கள். இரு தரப்பாரும் கைதிகளைத் தம் பக்கம் இழுக்க முயன்ற அந்த மாதங்களின் முடிவில், வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்று சொன்னவர்கள் எழுபத்தாறு கொரியரும் பன்னிரண்டு சீனரும். அவர்கள் இந்தியப் படையோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து டில்லிக்கு அனுப்பப்பட்டார்கள். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960-இல் எழுதிய ‘சதுக்கம்’ என்ற நாவலின் கதாநாயகன் இப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவன்தான். அந்தக் கப்பலுக்கு அவர் தாகூர் என்று பெயரிட்டிருக்கிறார். நிஜத்தில் வந்து சேர்ந்தவர்களில் பலர் பின்னர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிக் கோழிப்பண்ணை வைத்துப் பிழைத்தார்கள்.