தோட்டத்து அட்டைக்கத்திகள்



வாய்வீரம் பேசுவோரை 'அட்டைக்கத்தி' என்று எள்ளுவது நம் வழக்கு. ஆயினும், அந்த அட்டைக்கத்திக்கும் ஒரு வரலாறு உண்டு.

1959-ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்தது. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் கதை அது. இத்தகைய படங்களின் வசனங்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் திருவிழா மேடைகளிலும் முழங்கின.

விடியுமுன் பால்மரம் சீவிய கைகளே அரச உடையையும் தைத்தன. மாவுப்பசையில் ஒட்டிய அட்டை மகுடமாயிற்று. ஜிகினாத்தாள் அதற்குப் பொன்னாயிற்று. பலகை வாளாகவும், தகர மூடி கேடயமாகவும், பழைய சேலை பட்டாடையாகவும் மாறின.

இது வெறும் பொழுதுபோக்கா? நாடு 1957-இல் விடுதலை பெற்ற பின்னரும் பல தோட்டங்கள் ஆங்கிலேய நிறுவனங்களிடமே இருந்தன. பகலில் 'கூலி' எனப்பட்டவர், இரவில் மகுடம் சூடி வெள்ளையனுக்கு வரி மறுத்தார்.

பின்னாளில் நீலாய் போன்ற இடங்களில் தோட்டங்கள் நகரங்களாயின. அட்டையும் தாளும் எஞ்சுவதில்லை. செய்தவர்களின் நினைவே சான்று. ஆகவே, தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதிவர மாணவர்களைப் பணிப்போம். கலைக்கல்வி வேளையில் ஒரு மகுடமும் செய்விப்போம்.