எச்சம் கற்ற அயலார்

தமிழில் ஒரு பெயரை விளக்கும் சொற்கள் எவ்வளவு நீண்டாலும் அந்தப் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். பெருமாநல்லூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் ‘நேத்து ராத்திரி ஷிஃப்டுல ஓவர்லாக் ஓட்டுன பையன்’ என்று சொன்னால், பேச்சு யாரைப் பற்றியது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவரும். ஆங்கிலத்தில் பையன் முதலிலேயே வந்துவிடுவான். ‘யார்’ என்ற கேள்விச் சொல்லே இணைப்புச் சொல்லாகி அவனுக்குப் பின்னால் நிற்கும், மற்ற விவரம் அதற்கும் பின்னால் வரும். லத்தீனும் போர்த்துக்கீசியமும் இப்படித்தான். அதனால் தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டு முதல் தடுமாறிய இடம் வேற்றுமை உருபைவிட இந்தச் சார்பு வாக்கியம்தான் எனலாம்.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தை அதற்கு வெகு காலம் முன்பே தெளிவாக்கியிருந்தது. ‘ஓட்டுன’ போல, இன்னொரு சொல்லைக் கொண்டு முடியும் முற்றுப்பெறாத வினைகளை எச்சங்கள் என்று தொல்காப்பியம் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அவற்றைச் சுருங்க வகுத்தார். கோவை–சேலம் நெடுஞ்சாலையில் பெருமாநல்லூரைத் தாண்டிக் கிழக்கே போனால், பழைய சமணக் கோயில் உள்ள விஜயமங்கலம் வரும். அதையடுத்த பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே பவணந்தியின் ஊர் என்பது கொங்கு நாட்டு மரபு.

நன்னூலின்படி பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும்: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். ‘தைத்த’ என்ற ஒரே சொல்லை வைத்து இதைப் பார்த்துவிடலாம். தைத்த பெண், தைத்த ஊசி, தைத்த கம்பெனி, தைத்த தையல், தைத்த நாள், தைத்த பனியன். பெண் தைத்தாள், பனியனோ தைக்கப்பட்டது. எச்சத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் இதே ஆறையும் சொல்ல ‘யார்’, ‘எது’, ‘எங்கே’, ‘எப்போது’ என்று இணைப்புச் சொல்லும், சில இடங்களில் முன்னிடைச் சொல்லும் மாறவேண்டும். தமிழில் அந்த உறவைக் கேட்பவர் பொருளால் உணர்ந்துகொள்கிறார். மொழியின் இந்தச் சிக்கனம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இயல்பு. அயலாருக்கு ஏதோ விடுபட்டதுபோல் தோன்றும்.

வினையைக் கொண்டு முடியும் வினையெச்சத்துக்கு நன்னூல் பன்னிரண்டு வாய்பாடுகள் தருகிறது. அவற்றில் ‘செய்து’ உள்ளிட்ட முதல் நான்கும் கடைசி மூன்றும் தம் வினைமுதலையே, அதாவது அச்செயலைச் செய்பவரையே, கொண்டு முடியும். ‘செய’, ‘செயின்’ போன்ற ஏனையவை வேறு வினைமுதலையும் ஏற்கும். ‘அவள் வந்து தைத்தாள்’ என்றால் வந்தவளும் தைத்தவளும் ஒருத்தி. ‘அவள் வர, அவன் போனான்’ என்பதில் ஆள் இருவர். ‘மழை பெய்து நொய்யலில் தண்ணீர் வந்தது’ என்பது போன்ற விலக்குகளுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு.

இந்தப் பாகுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் லித்துவேனிய மொழியில் இரு செயல்களுக்கும் வினைமுதல் ஒன்றானால் ஒரு வகை எச்சமும், வேறானால் இன்னொரு வகையும் வரும். அதோடு ‘குரிஸ்’ என்ற இணைப்புச் சொல்லும் அங்கே உண்டு. அது பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதோடு, தன் வாக்கியத்துக்குரிய வேற்றுமையையும் ஏற்கும். ஆங்கிலேயர் அந்த மொழியைக் கற்கும்போது ‘குரிஸ்’ வடிவ மாற்றத்தால்தான் தொல்லை தருமே தவிர, அது நிற்கும் இடம் அவருக்குப் பழகியதுதான். எச்சங்களோ தமிழ் கற்பவரைப் போலவே அவரையும் திணறவைக்கும். அந்த மொழியின் முதல் அச்சிட்ட இலக்கணத்தை 1653இல் டேனியல் கிளைன் என்ற லூத்தரன் போதகர் லத்தீனில் எழுதினார்.

தமிழுக்கும் லத்தீன் அளவுகோல்தான் முதலில் வந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அடிகளார் 1549 அளவில் போர்த்துக்கீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதினார். அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே இருந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கின் லத்தீன் நூல் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் ஒரு படி மேலே போனார். செந்தமிழுக்கும் பேச்சோடு ஒட்டிய கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வேண்டும் என்று கண்டு, இரண்டையும் எழுதினார். கொடுந்தமிழ் நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அயலார் எழுதிய பழைய இலக்கணங்களில் இந்தப் பகுப்பே மிகப் பயன்பட்டது.

1812இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியபின், கற்பவர் கூட்டத்தில் கம்பெனி அதிகாரிகளும் சேர்ந்தார்கள். இலக்கண நூல்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின: 1821இல் ஆண்டர்சன், 1834இல் இரேனியஸ், 1855இல் போப். பெயரெச்சத்துக்கு அந்நூல்களில் ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்’ என்ற பெயர் நிலைத்தது. 1856இல் கால்டுவெல், திராவிட மொழிகளில் இணைப்புச் சொல்லாகும் பிரதிப்பெயர் இல்லை, அதன் வேலையைப் பெயரெச்சமே செய்கிறது என்று விரித்து எழுதினார். இது வெறும் குறைபாடு அல்ல, அம்மொழிக் குடும்பத்தின் அடையாளம் என்ற பார்வை அப்போது வலுப்பட்டது. 1891இல் ஆர்டன் எழுதிய பாடநூல் 20ஆம் நூற்றாண்டிலும் திருத்தி அச்சிடப்பட்டது.

‘எவன் தைத்தானோ அவன்’ என்ற அமைப்பும் தமிழில் உண்டு. இணைப்புச் சொல்லைத் தேடிய அயலாருக்கு அது கைக்கு எளிதாகப் பட்டது. ஆனால் ‘தைத்தவன்’ என்ற ஒரே சொல் போதுமான இடத்திலெல்லாம் அதைப் போட்டால் நடை மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். ‘என்று’ என்பது இன்னொரு சிக்கல். ‘நாளைக்கு வர்றேன்னு சொன்னான்’ என்பதில் பேசியவனின் வாய்ச்சொல் அப்படியே நிற்கிறது. ஆங்கிலமோ தன்மையைப் படர்க்கையாக்கி, காலத்தையும் மாற்றிவிடும். கற்பவர் அந்த மாற்றத்தைத் தமிழிலும் செய்துவிட்டால், வருவது யார் என்பதே குழம்பிவிடும்.

இன்று திருப்பூர் வட்டாரத்தில் தமிழ் கற்கும் அயலார் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். பாடநூல் இல்லை, செக்கிங் மேசையும் மளிகைக் கடையுமே பள்ளி. இந்தியில் ‘ஜோ… வஹ்’ என்று இரு துண்டாகச் சொல்வதே பெருவழக்கு, ஆகவே இந்தி பேசுபவர் ‘யார்… அவன்’ என்று தொடங்கப் பார்ப்பார். ஒடியாவில் அந்த அமைப்போடு, பெயருக்கு முன் நிற்கும் பெயரெச்சமும் உண்டு. ‘நேற்று வந்த துணி’ என்ற சொல்முறை ஒடியா பேசுபவர்களுக்குத் தாய்மொழியிலேயே பழக்கமானது.