வீசப்படாத அந்த ஒரு பந்து

ஸ்கோர்கார்டு சரித்திரம் – 23

பழைய ஸ்கோர்கார்டு ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது சதம் அடித்தவரை. என் கண் போவது பந்துவீச்சுக் கணக்குக்கு, அதிலும் ஓவர்களின் எண்ணிக்கைக்கு. அது முழு எண்ணாக இருந்தால் தாண்டிப் போய்விடுவேன். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் நின்றுவிடுவேன். ஏதோ ஒரு ஓவர் பாதியில் முடிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் முடிந்தது என்று தேடிப் போனால், பல சமயம் ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கும்.

1877-இலும் 1977-இலும் மெல்போர்னில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை அதே 45 ரன் வித்தியாசத்தில் வென்ற அதிசயத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நம்மூர்.

1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலிய ஆஃப் ஸ்பின்னர் கிரெக் மாத்யூஸின் கணக்கு இது: 39.5 ஓவர், 7 மெய்டன், 146 ரன், 5 விக்கெட். நாற்பதாவது ஓவரில் ஒரு பந்து பாக்கி. அந்தப் பந்து வீசப்படவே இல்லை. வீச வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. டெஸ்ட் கிரிக்கெட்டின் இரண்டாவது ‘டை’ அதற்குள் முடிந்துவிட்டது.

1877-இல் தொடங்கி இதுவரை 2,500-க்கும் மேற்பட்ட டெஸ்டுகள் நடந்திருக்கின்றன. டையில் முடிந்தவை இரண்டே இரண்டு. வரிசையில் 498-ஆவது டெஸ்ட், பிரிஸ்பேன், 1960 டிசம்பர். 1,052-ஆவது டெஸ்ட், சேப்பாக்கம். இரண்டிலும் ஒரு பக்கம் ஆஸ்திரேலியா. இரண்டையும் மைதானத்திலிருந்து பார்த்த ஒருவரும் உண்டு. பிரிஸ்பேனில் தொடக்க ஆட்டக்காரராக 92 ரன் எடுத்த பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளர்.

டைக்கும் டிராவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கடைசியாக ஆடும் அணி முழுவதும் அவுட்டாகி, இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருந்தால்தான் டை. ரன் சமமாகி, கையில் விக்கெட் இருக்கும்போதே நேரம் தீர்ந்தால் அது டிரா.

பிரிஸ்பேன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸ் 453, 284. ஆஸ்திரேலியா 505, 232. இரு பக்கமும் 737. இனி சேப்பாக்கம். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. இரு பக்கமும் 744. பிரிஸ்பேனில் நாற்பது விக்கெட்டுகளும் விழுந்தன. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு ஒரு முறை, 5 விக்கெட்டுக்கு ஒரு முறை டிக்ளேர் செய்தது. அதாவது, ஆஸ்திரேலியா 12 விக்கெட் கொடுத்து எடுத்த 744-ஐ இந்தியா 20 விக்கெட்டும் கொடுத்து எடுத்திருக்கிறது. ஐந்து நாளில் பெரும்பகுதி நேரம் அடி வாங்கிக்கொண்டிருந்த அணி கடைசியில் சமமாக வந்து நின்றது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. 20 விக்கெட் இழந்தவனைத் தோற்காதவன் என்று ஏற்கும் விளையாட்டு கிரிக்கெட். எனக்கு அதன் மேல் தீராத காதல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் டேவிட் பூன் 122, கேப்டன் ஆலன் பார்டர் 106. ஆனால் இன்றும் பேசப்படுவது டீன் ஜோன்ஸின் 210. அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். செப்டம்பர் மாத மெட்ராஸ் வெயில் எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருந்தும் மதியம் வரை காற்று அசையாது; பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றம் வேறு. 503 நிமிடம், 330 பந்து நின்றார் ஜோன்ஸ். உடம்பில் நீர் வற்றி, ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். இனி முடியாது, வெளியே போகிறேன் என்று அவர் சொன்னபோது, உன்னால் முடியாவிட்டால் நெஞ்சுரம் உள்ள குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை இறக்குகிறேன் என்கிற பொருளில் பார்டர் குத்திக்காட்டினார். ஜோன்ஸ் விக்டோரியாக்காரர். ரோஷம் வந்தது. நின்று ஆடினார். அவுட்டாகி வந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். அந்தப் பேச்சை வீரக்கதையாக ரசிக்கிறவர்கள் உண்டு, என்னால் முடிவதில்லை. ஓர் இளைஞனின் உயிர் அன்று ஆபத்தில் இருந்தது. ஆனால் அந்த இன்னிங்ஸின் முன் தலை வணங்காமலும் இருக்க முடியவில்லை. 2020 செப்டம்பர் 24-இல், ஐ.பி.எல். வர்ணனைக்காக மும்பை வந்திருந்த இடத்தில் ஜோன்ஸ் காலமானார். வயது 59. சேப்பாக்கம் டை நடந்த நாளின் 34-ஆம் ஆண்டு நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

ஃபாலோ-ஆன் தவிர்க்க இந்தியாவுக்கு 375 ரன் வேண்டும். ஸ்ரீகாந்த், அசாருதீன், சாஸ்திரி மூவரும் அரை சதம் கண்டும் போதவில்லை. கபில்தேவ் 119 அடித்து அணியை 397-க்குக் கொண்டுபோனார். 22 ரன்தான் உபரி. கபில் மட்டும் சீக்கிரம் போயிருந்தால் டை என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. ஆட்ட நாயகன் விருதை அவருக்கும் ஜோன்ஸுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது மிகச் சரியான தீர்ப்பு.

ஐந்தாம் நாள் காலை பார்டர் மறுபடி பேட் செய்யவில்லை. முந்தைய நாள் ஸ்கோரான 170-லேயே டிக்ளேர் செய்து, 87 ஓவரில் 348 எடுங்கள் என்று நீட்டினார். தொடர்ந்து நூறாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த கவாஸ்கர் 90 எடுத்தார். ஸ்ரீகாந்த் 39, அமர்நாத் 51, அசாருதீன் 42. தேநீர் இடைவேளையில் 2 விக்கெட்டுக்கு 193. அதற்குமேல் டிராவுக்கு ஆடத் தேவையில்லை என்று இந்தியா துணிந்து இறங்கியது. கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, அந்தப் புழுக்கத்திலும் மாத்யூஸ் ஒரு முனையிலிருந்து வீசிக்கொண்டே இருந்தார். மறுமுனையில் இடதுகை ஸ்பின்னர் ரே பிரைட். அவருக்கும் 5 விக்கெட். 6 விக்கெட்டுக்கு 331 என்று கரையைத் தொடும் தூரத்தில் இருந்த இந்தியா அடுத்த 13 ரன்னுக்குள் 3 விக்கெட்டை இழந்தது. சிவ்லால் யாதவ் ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு பிரைட்டிடம் போல்டானார். 344-க்கு 9. உள்ளே வந்தவர் மனிந்தர் சிங்.

அப்போது நான் பள்ளி மாணவன். ரேடியோ வர்ணனையைக் கேட்டபடி கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பந்துக்குப் பந்து குறித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவரின் கட்டம் இன்றும் என் கண்முன் இருக்கிறது. புள்ளி, 2, 1, புள்ளி, அப்புறம் பென்சில் முனை உடைகிற அளவு அழுத்தி எழுதிய ‘டபிள்யூ’. ஆறாவது இடம் வெறுமையாக இருந்தது.

அந்தக் கட்டத்தைத் திறந்து படித்தால் இதுதான். நான்கு ரன் தேவை, சாஸ்திரி எதிர்கொள்கிறார். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று, ஸ்கோர் சமம். நான்காவதை மனிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது, அப்பீல், அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் மேலே போயிற்று. 86.5 ஓவரில் 347 ஆல் அவுட். சாஸ்திரி 48 நாட் அவுட்.

மூன்றாவது பந்தில் சாஸ்திரி ஏன் ஒற்றை ரன் ஓடினார் என்று டீக்கடைகளில் பல வருடம் சண்டை நடந்தது. நானும் அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. இனி இந்தியா தோற்க முடியாது என்பதை அந்த ஒரு ரன் உறுதி செய்தது. அவரே பின்னாளில் அப்படித்தான் விளக்கினார். சரியான கணக்குதான்.

அதிகம் அடிபட்டவர்கள் மற்ற இருவர். பந்து பேட்டில் பட்ட பிறகே காலில் பட்டது என்று மனிந்தர் இன்றுவரை சொல்கிறார். விக்ரம்ராஜு தன் தீர்ப்பில் உறுதியாக நின்றார். அவர் நின்ற டெஸ்டுகள் மொத்தம் இரண்டுதான். சேப்பாக்கத்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அன்று நடுநிலை அம்பயர் முறை கிடையாது. ஆட்டம் எந்த நாட்டிலோ அம்பயர்களும் அந்த நாட்டவர்கள். டிவி அம்பயர் வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. உள்ளூர் அம்பயர் உள்ளூர் அணிக்கே சாய்வார் என்று உலகமெல்லாம் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலம் அது. சொந்த நாட்டு மைதானத்தில், நம் ரசிகர் கூட்டம் மூச்சடக்கி நிற்கையில், சொந்த நாட்டுக் கடைசி ஆட்டக்காரருக்கு எதிராக விரலை உயர்த்த எத்தனை திடம் வேண்டும்! அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று என்னால் சொல்ல முடியாது. அதில் பயமோ பாரபட்சமோ இல்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த மனிதருக்கு இந்த நாட்டு ரசிகர்கள் ஒரு மரியாதை பாக்கி வைத்திருக்கிறோம்.

பிரிஸ்பேன் கார்டுக்குத் திரும்புவோம். அங்கே கடைசி ஓவர் வீசியவர் வெஸ் ஹால். அவர் கணக்கு 17.7 ஓவர், 63 ரன், 5 விக்கெட். 17.7 என்பது அச்சுப்பிழை இல்லை. அப்போது ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. ஆறு ரன் தேவை, மூன்று விக்கெட் கையில் என்று தொடங்கிய ஓவரில் இரண்டாவது பந்தில் கேப்டன் பெனோ கேட்ச். ஆறாவது பந்தில் வெற்றி ரன்னுக்காக ஓடிய கிரௌட் ரன் அவுட். ஏழாவது பந்தில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்டம்ப் தெரியும் கோணத்தில் குறி பார்த்து எறிய, மெக்கிஃப் ரன் அவுட். எட்டாவது பந்து வீசப்படவில்லை. ஆக, உலகத்தில் நடந்த இரண்டே டை டெஸ்டுகளிலும் மிச்சம் இருந்தது சரியாக ஒரு பந்து.

சேப்பாக்கத்தில் அந்தக் கணக்கு அதோடும் தீரவில்லை. ஒரு வருடம் கழித்து, 1987 அக்டோபர் 9. அதே மைதானம், அதே இரு அணிகள், உலகக் கோப்பையில் இருவருக்கும் முதல் ஆட்டம். ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நான்கு ரன் கொடுத்திருந்தார்கள். அது சிக்ஸர் என்று ஆஸ்திரேலியத் தரப்பு எடுத்துச் சொல்ல, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில்தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆயிற்று. இந்தியா 269-க்கு ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. கடைசி விக்கெட் மனிந்தர், ஸ்டீவ் வாவின் பந்தில் போல்டு. ஓவர்கள் எத்தனை தெரியுமா? 49.5! மீண்டும் அதே மைதானம், அதே கடைசி ஆள், மீதி அதே ஒரு பந்து. விட்டுக்கொடுத்த இரண்டு ரன்னுக்காகக் கபிலை அன்று வைதவர்களும் உண்டு. எனக்கு அவருடைய 119-ஐவிட அந்த ஒப்புதல் ஒரு படி உயர்வாகத் தெரிகிறது.

இந்த இரண்டு ஆட்டங்களால் மனிந்தர் பெயரைச் சொன்னாலே பலருக்கும் அந்த இரண்டு அவுட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே, 1987 மார்ச்சில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் 27 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஸ்பின்னருக்கு வேலை ரன் எடுப்பது அல்ல. அவரை நினைப்பவர்கள் அந்தக் கார்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு கார்டு பாக்கி. 2011 நவம்பர் 26, மும்பை வான்கடே. வெஸ்ட் இண்டீஸ் 590, 134. இந்தியா முதல் இன்னிங்ஸில் 482. வெற்றிக்கு 243 வேண்டும். ஃபிடல் எட்வர்ட்ஸின் கடைசிப் பந்து, தேவை இரண்டு ரன். அதே ஆட்டத்தில் 103 ரன்னும் 9 விக்கெட்டும் எடுத்திருந்த பேட்ஸ்மேன் அடித்துவிட்டு ஒன்று ஓடினார், ஸ்கோர் சமம். இரண்டாவதுக்குத் திரும்பும்போது ரன் அவுட். 9 விக்கெட்டுக்கு 242. பிரக்யான் ஓஜா இன்னும் பேட் செய்யாமல் இருந்ததால் அது டை ஆகவில்லை, டிரா. ரன் சமமாகியும் டிராவான டெஸ்டுகளில் 1996 புலவாயோவுக்கு அடுத்து இது இரண்டாவது. அந்த ஓவரில் ஆறு பந்தும் வீசப்பட்டுவிட்டன; எட்வர்ட்ஸின் கணக்கில் புள்ளி கிடையாது.

ஓடி அவுட்டான அந்த பேட்ஸ்மேன் ரவிச்சந்திரன் அஸ்வின். பிறந்த ஊர் மெட்ராஸ். பிறந்த நாள் 1986 செப்டம்பர் 17. சேப்பாக்கத்தில் பார்டரும் கபிலும் டாஸ் போட்டது மறுநாள் காலை.

(தொடரும்)