மாநாட்டு விதிகளும் கட்சியின் கொள்கையும்: அமெரிக்க ஜனநாயகக் கட்சி, 1832 முதல்

அமெரிக்க ஜனநாயகக் கட்சி எந்தக் கொள்கையின் கட்சி என்ற கேள்விக்கு அந்நாட்டிலேயே இரண்டு பதில்கள் உண்டு. அடிமை முறைக்கு அரணாக நின்றதும், உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்களை இயற்றியதும் இந்தக் கட்சிதான் என்பது ஒன்று. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும், 1964, 1965ஆம் ஆண்டுகளில் குடிமை உரிமை, வாக்குரிமைச் சட்டங்களையும் கொண்டுவந்தது இந்தக் கட்சிதான் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை. வாதிடுவோர் தமக்கு வாய்ப்பான ஆண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். இக்கட்டுரை கொள்கை அறிக்கைகளைக் காட்டிலும் தேசிய மாநாட்டின் விதிகளையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. மாநாட்டில் யார் உட்காரலாம், அதிபர் வேட்பாளருக்கு எத்தனை வாக்கு வேண்டும் என்ற சச்சரவுகளில்தான் இக்கட்சியின் கொள்கை முடிவானது என்பது என் வாதம்.

1832இல் பால்டிமோரில் கூடிய முதல் தேசிய மாநாடு, வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று விதித்தது. 1844இல் முன்னாள் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றார். டெக்சாஸை உடனே இணைப்பதை அவர் ஏற்காததால் தென் மாநிலத்தவர் அவரை எதிர்த்தனர். விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒன்பதாம் சுற்றில் ஜேம்ஸ் போக் வேட்பாளரானார். 1860இல் சார்ல்ஸ்டனில் வடபுலத்தவரான ஸ்டீஃபன் டக்ளஸ் 57 சுற்றுகளிலும் முன்னணியில் இருந்தும் இலக்கைத் தொடவில்லை, கட்சியே பிளந்தது. தெற்கு ஒன்றுசேர்ந்தால் தனக்குப் பிடிக்காத எவரையும் தடுத்துவிடலாம் என்பதே இவ்விதியின் நடைமுறைப் பொருள். கொள்கை அறிக்கையில் எதை எழுதினாலும், வேட்பாளராக விரும்புகிறவர் முதலில் தெற்கைச் சமாதானப்படுத்தியாக வேண்டும்.

இதன் உச்சம் 1924. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜூன் 24 முதல் ஜூலை 9 வரை மாநாடு நீண்டது. ஒருபுறம் ஆல் ஸ்மித்: கத்தோலிக்கர், நகரத்து மனிதர், மதுவிலக்குக்கு எதிரானவர். மறுபுறம் வில்லியம் மெக்கடூ: வெள்ளை மேலாதிக்க அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆதரவு அவருக்கு இருந்தது, அதைக் கண்டிக்க அவர் முன்வரவில்லை. அந்த அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறக்குறைய ஒரே வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. பிறகு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்றுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அழைக்கப்பட்ட அலபாமா, தன் 24 வாக்குகளும் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே என்று முழங்கியதை நாடு வானொலியில் கேட்டது. அந்த அண்டர்வுட் கிளானை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தெற்கு ஒரே குரலில் பேசியது என்று எழுதுவது எளிது, சரியல்ல. கடைசியில் யாருக்கும் உவப்பில்லாத ஜான் டேவிஸ் வேட்பாளராகி, பெருந்தோல்வி கண்டார்.

1936இல் பிலடெல்பியாவில் மூன்றில் இரண்டு பங்கு விதி நீக்கப்பட்டது. நீக்கப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் செனட்டர் பென்னட் சாம்ப் கிளார்க். 1912இல் பெரும்பான்மை பெற்றும் இதே விதியால் வூட்ரோ வில்சனிடம் வாய்ப்பை இழந்த சாம்ப் கிளார்க்கின் மகன் அவர். 1936இன் அதே மாநாட்டில் கறுப்பினப் போதகர் ஒருவர் பிரார்த்தனை செய்ய எழுந்தபோது, தென் கரோலினா செனட்டர் எலிசன் ஸ்மித் வெளியேறினார். அவருக்குக் கோபம் பிரார்த்தனை மீது. தெற்கு உண்மையில் இழந்ததோ நூறாண்டுத் தடுப்பதிகாரம்.

ஆனால் நாடாளுமன்றத்தில் தெற்கின் பலம் குறையவில்லை. முந்தைய ஆண்டே அந்தப் பலம் தெரிந்தது: 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. தெற்கின் கறுப்பின உழைப்பாளரில் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களில்தான் இருந்தனர். இதில் தென் மாநில உறுப்பினர்களின் கையைக் காண்கிறார் ஆய்வாளர் ஐரா காட்ஸ்நெல்சன். வரி வசூலிக்கும் நடைமுறைச் சிக்கலே காரணம் என்போரும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கட்சி குடிமை உரிமையின் பக்கம் எப்போது திரும்பியது என்பதிலும் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். எட்வர்ட் கார்மைன்ஸ், ஜேம்ஸ் ஸ்டிம்சன் இருவரும் 1964ஐ ஒட்டித் தேசியத் தலைவர்கள் எடுத்த முடிவுகளை மையப்படுத்தினர். எரிக் ஷிக்லரோ, 1930களின் நடுப்பகுதியிலேயே தொழிற்சங்கங்களும் வடமாநிலக் கட்சிக் கிளைகளும் கீழிருந்து மாற்றத்தைத் தொடங்கிவிட்டன என்கிறார். 1948 மாநாடு ஷிக்லர் பக்கமே பேசுகிறது. ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முன்னின்ற குடிமை உரிமைத் தீர்மானம் 651½–582½ என்ற கணக்கில், மேலிடம் விரும்பிய மென்மையான வாசகத்தை மீறி நிறைவேறியது. மிசிசிப்பிப் பிரதிநிதிகளும் அலபாமாவினரில் பாதிப் பேரும் வெளியேறினர். ஸ்ட்ராம் தர்மண்ட் தனிக்கட்சி வேட்பாளராக நான்கு தென் மாநிலங்களை வென்றார். அப்படியும் கட்சியின் வேட்பாளரான அதிபர் ட்ரூமனே வெற்றிபெற்றார்.

எனினும் தீர்மானம் நிறைவேறியதால் அரங்கத்தின் இருக்கைகள் மாறிவிடவில்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில், மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமேயான குழுவுக்கு எதிராக, கறுப்பின மக்கள் முன்னின்று அமைத்த சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் இடம் கேட்டனர். வாரத்துக்குப் பயிர் செய்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், வினோனா சிறையில் அடிபட்டதையும் தகுதிக் குழுவின் முன் சொன்னார். ஒளிபரப்பைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். தொலைக்காட்சிகள் அன்றிரவே ஹேமரின் சாட்சியத்தை மறுபடி காட்டின. இரண்டே இடங்கள் தர முன்வந்தார்கள். ஹேமர் தரப்பு மறுத்தது. குடிமை உரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆனால் பாகுபாடு காட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுக்கு இனி இடமில்லை என்ற உறுதியும் அப்போதுதான் கிடைத்தது. 1968இல் மிசிசிப்பியின் பழைய குழு உட்கார முடியவில்லை. புதிய குழுவில் ஹேமர் இருந்தார்.

அதன்பின் சச்சரவு வேட்பாளர் தேர்வு முறைக்கும் பொருளாதாரத்துக்கும் பரவியது. முதன்மைத் தேர்தல் எதிலும் நிற்காத ஹம்ஃப்ரி 1968இல் வேட்பாளரானதால் எழுந்த கொதிப்பு, கட்சி அமைத்த மெக்கவர்ன் குழுவின் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தது. மாநாட்டின் அதிகாரம் முதன்மைத் தேர்தல் வாக்காளரிடம் போனது. 1982இல் கட்சிப் பெரியவர்களுக்குத் தனி வாக்கு தந்து அதில் ஒரு பகுதியை மீட்டார்கள். 2018இல் முதல் சுற்றில் அந்த வாக்கைக் கட்டுப்படுத்தினார்கள். இடையில் 1993இல், அதிபர் கிளின்டன் முன்னின்று நிறைவேற்றிய வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையை அவர் கட்சியின் கீழவை உறுப்பினர்களில் 156 பேர் எதிர்த்தனர், 102 பேர் ஆதரித்தனர். ஒரே கட்சிக்குள் தொழிற்சங்கமும் தாராள வணிகமும் மோதின. முதலாளித்துவத்தை அறநெறிக்குள் நிறுத்துவதே கட்சியின் நீண்டகால இழை என்கிறார் வரலாற்றாசிரியர் மைக்கேல் கசின். அந்த இழை உண்டு. ஆனால் எந்த உழைப்பாளிக்கு அந்த அறம் எட்டியது என்பதைப் பிரதிநிதிப் பட்டியலில்தான் தேட வேண்டும்.

2023 பிப்ரவரியில் தேசியக் குழு, 2024 முதன்மைத் தேர்தல் வரிசையில் தென் கரோலினாவை முதலிடத்தில் வைத்தது. எலிசன் ஸ்மித்தும் தர்மண்டும் அரசியல் செய்த அந்த மாநிலத்தில், கட்சியின் முதன்மைத் தேர்தல் வாக்காளர்களில் இன்று பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள்.