கண்முன் விழுங்கிய மாத்திரை பிறந்த கதை

வடசென்னையில் டி.பி. என்றதும் ஓட்டேரி ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். நகரின் தென்கோடியில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அந்தக் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது நோயைக் கொல்லும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. காற்றோட்டம், ஓய்வு, பால், முட்டை, அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்து வந்தது 1943-க்குப் பிறகு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அதைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. பாஸ் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். 1952-இல் விலை குறைந்த ஐசோனியசிட் மாத்திரையும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இனி எத்தனை சானடோரியம் கட்டினாலும் ஈடுகட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. அதை வழிநடத்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி அன்றைக்குத் துணிச்சலானது: ஒண்டுக்குடித்தன வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருப்பவருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலேயே இருந்தது. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஒரு வருடம் கழித்து சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், அவை கிடைக்காதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவில்லை என்பதும் ஐந்து வருடம் கவனித்ததில் உறுதியானது. 1959-இல் வெளியான அந்த ஒரு வருட முடிவு உலகமெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

ஆனால் வீட்டில் கொடுத்த மருந்து வயிற்றுக்குள் போகிறதா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தவர்கள் நர்ஸ்களும் சுகாதாரப் பார்வையாளர்களும்தான். பாஸ் மருந்தை நாளுக்குச் சுமார் 10 கிராம் விழுங்கியாக வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் பலருக்கு மருந்து கசந்துவிடும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி ஃபெரிக் குளோரைடு சேர்த்துப் பார்த்தார்கள். நிறம் மாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது. நோயாளிகள் தாமாக மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே எழுதினார். இது இந்திய ஏழைகளின் குணக்கேடு இல்லை, எந்த நாட்டிலும் மனிதர் இப்படித்தான் என்றே அந்த மையம் எடுத்துக்கொண்டது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

விடையும் அங்கேயே பிறந்தது. தினமும் மருந்து தருவதற்குப் பதிலாக வாரம் இரண்டு முறை மட்டும், ஆனால் முழுக்க நர்ஸின் கண்முன்னால். ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, உடல் எடைக்கு ஏற்ற கூடுதல் அளவு ஐசோனியசிட். ஊசி போட்டுக்கொண்டு, அங்கேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகலாம். தினமும் வீட்டில் தாமாகச் சாப்பிட்டவர்களைவிட இவர்கள் நன்றாகவே தேறினார்கள். 1964-இல் இந்த முடிவு அச்சேறியது. ஹாங்காங்கிலும் அதே காலத்தில் இப்படியொரு முயற்சி நடந்தது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்று பெயர் சூட்டிப் பரப்பியதில், கண்முன் மருந்து கொடுக்கும் பகுதிக்கு வேர் இந்த முயற்சிகளில்தான்.

இந்த முறையைப் போலீஸ் வேலை என்று இன்றும் சிலர் குறை சொல்கிறார்கள். விழுங்கியதைப் பார்த்து டிக் அடிப்பதோடு நின்றால் அது சரியான குறைதான். ஆனால் எதிரில் ஆள் இருக்கும்போதுதான் கேட்க முடிகிறது. நடக்கும்போது தள்ளாடுகிறதா, காதில் இரைச்சலா? ஸ்ட்ரெப்டோமைசின் உள்காதைத் தாக்கும். பாதத்தில் எரிச்சலா, மரத்துப்போகிறதா? அது ஐசோனியசிட் நரம்பில் செய்யும் வேலை. தினம் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் என்ற வைட்டமின் அதைத் தடுக்கும் என்று காட்டியதும் இதே சென்னை மையம்தான். ஸ்ட்ரெப்டோமைசினைக் கலக்கிக் கலக்கி நர்ஸ்களின் கையிலேயே தோல் அழற்சி வந்தது. அதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இன்று ஊசி போய், ரிஃபாம்பிசின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் வந்துவிட்டன. இந்தியாவில் 2017 முதல் மீண்டும் தினசரி மருந்து. வள்ளூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையத்தில் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியைக் காலை பத்து மணிக்கு மருந்துக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். மருந்துதான் அவர் நேரத்துக்கு அவரைத் தேடிப் போக வேண்டும். சேத்துப்பட்டு ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் அதுவே.

பெண் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது: கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன் அப்போது வேகமாகச் சிதைந்து, ரத்தத்தில் அளவு குறைந்துபோகும். மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாத பெண்ணும் கர்ப்பமாகலாம் என்பதை 1970-களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மருத்துவர்கள் கவனித்தார்கள். தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டும் சாப்பிடுபவருக்கும் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். கிராம சுகாதார செவிலியரின் பையில் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரை அட்டை இருக்கிறது. காசநோய் மருந்து வாங்கும் பெண்ணின் வீட்டுக்கும் அவர்தான் போகிறார். காசநோய் மருந்து ஓடும் மாதங்களிலும், அது முடிந்து இன்னும் நான்கு வாரத்துக்கும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டால் போதும்.